நான்கு ஊக்கும் ஒரு பெல்ட்டும்

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றுக்கும் சேர்த்துப் போடும் என் முதல் ட்ரைசூட்டின் முன்பக்கத்தில் ஆறு ஓட்டைகள், பின்பக்கத்தில் நான்கு. பூச்சி அரித்ததில்லை. ஒரே காலையில் நானே குத்திக்கொண்டவை.

சென்னைக்கு வெளியே நடந்த ஒரு ஸ்பிரின்ட் ட்ரையத்லான் அது. 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். முந்தின நாள் போட்டி எண் அச்சடித்த தாளை, அதாவது நம்பரை, கொடுத்தபோது உறைக்குள் நான்கு ஊக்கும் போட்டிருந்தார்கள். எனக்கு அதில் ஒரு புதுமையும் தெரியவில்லை. நாலைந்து வருடமாக ஓட்டப் பந்தயங்களுக்குப் போகிறவள்; நம்பரின் நாலு மூலையிலும் ஊக்கு குத்திப் பனியனில் மாட்டுவது பழகிப்போன வேலை. ஊக்கு குத்தத் தெரியாமலா, அம்மாவின் வளையலில் எப்போதும் ரெண்டு ஊக்கு தொங்கும் வீட்டில் வளர்ந்தேன்?

ஆனால் ஓட்டத்தில் நம்பரைக் காலையில் வீட்டிலேயே குத்திக்கொண்டு கிளம்பிவிடலாம். இங்கே முதலில் தண்ணீரில் இறங்க வேண்டும். நம் ஊர்த் தண்ணீரின் சூட்டுக்கு, குளிர் தாங்கப் போடும் ரப்பர் உடுப்பான வெட்சூட் கிடையாது; வெட்சூட் இல்லாத நீச்சலில் நம்பரோடு இறங்க அனுமதியும் கிடையாது. ஆகவே கரையேறி, சைக்கிள்கள் நிற்கும் இடத்துக்கு ஓடிவந்து, அங்கே நின்று குத்த வேண்டும். நனைந்த விரல்கள். உடம்போடு ஒட்டிக்கொண்ட லைக்ரா துணி. மூச்சு இன்னும் அடங்கவில்லை. மூன்றாவது ஊக்கு துணியோடு என் தோலையும் சேர்த்துப் பிடித்தது. எப்படியோ நான்கையும் குத்தி முடித்து, ஹெல்மெட் மாட்டி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறும் கோட்டுக்குப் போனால், அங்கே நின்ற பையன் கையை நீட்டித் தடுத்தான்.

“மேடம், சைக்கிள்ல நம்பர் பின்னாடி இருக்கணும்!”

அப்படி ஒரு விதி இருப்பது பந்தயக் கையேட்டின் மூன்றாம் பக்கத்தில் எழுதியிருந்தது. நான் முதல் இரண்டு பக்கம் மட்டும் படித்திருந்தேன். ஓரமாக ஒதுங்கி நான்கையும் கழற்றினேன். தன் முதுகில் தானே ஊக்கு குத்திக்கொள்ள முயன்றவர்களுக்குத் தெரியும், அடுத்து என்ன நடந்திருக்கும் என்று. தன்னார்வலராக நின்ற ஒரு கல்லூரிப் பெண்தான் இரக்கப்பட்டு வந்தாள். “அக்கா, அசையாதீங்க, குத்திடும்.” சைக்கிள் முடிந்து ஓட்டத்துக்கு வந்ததும் மறுபடி கழற்றி முன்பக்கம் மாற்ற வேண்டும். அப்போது எனக்குப் பொறுமை இல்லை. மேலே ரெண்டு ஊக்கு மட்டும் குத்திக்கொண்டு, நம்பர் வயிற்றில் பட்பட்டென்று அடிக்க அடிக்க 5 கிலோமீட்டரையும் ஓடி முடித்தேன்.

முடிவுப் பட்டியலில் நீச்சலுக்கும் சைக்கிளுக்கும் நடுவே இருக்கும் மாற்று நேரத்தையும் தனியாகப் போடுவார்கள். டி1 என்பார்கள். என் டி1 ஒன்பது நிமிடம் நாற்பது விநாடி. என்னோடு பயிற்சி செய்யும் தம்பி ஒருவன் அதைப் பார்த்துவிட்டு, “என்னக்கா, நடுவுல டிபன் சாப்பிட்டீங்களா?” என்றான்.

அன்று சாயங்காலமே நம்பர் பெல்ட்டைத் தேட ஆரம்பித்தேன்.

பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஒரு எலாஸ்டிக் பட்டி, பள்ளிக்கூடப் பையில் இருப்பது போல ஒரு பிளாஸ்டிக் பக்கிள், நம்பரின் இரண்டு ஓட்டையில் கோத்துக்கொள்ள இரண்டு மாட்டிகள். அவ்வளவுதான். நம்பரைப் பெல்ட்டில் கோப்பது முந்தின நாள் ராத்திரியே முடிந்துவிடும். பந்தயத்தில் செய்ய வேண்டியது இடுப்பில் ஒரு ‘கிளிக்’ மட்டும்.

சைக்கிளில் ஏன் பின்னால், ஓட்டத்தில் ஏன் முன்னால் என்பது எனக்கு ரொம்ப நாள் புரியாமல் சும்மா பின்பற்றிய விஷயம். யார் எங்கிருந்து பார்க்கிறார்கள் என்று யோசித்தால் விளங்கிவிடும். சைக்கிளில் குனிந்து ஓட்டுகிறோம்; நெஞ்சும் வயிறும் தரையைப் பார்க்கின்றன. நடுவர் மோட்டார் சைக்கிளில் பின்னாலிருந்துதான் வருகிறார். முன்னால் போகிறவரின் காற்று மறைவில் ஒட்டிக்கொண்டு போவதை டிராஃப்டிங் என்பார்கள். நம்மைப் போன்ற வயதுப் பிரிவுக்காரர்களுக்கு நீண்ட தூரப் பந்தயங்களில் அது தடை. அயர்ன்மேன் என்ற பெயரில் நடக்கும் நீண்ட தூர ட்ரையத்லான்களில் இடைவெளி 12 மீட்டர் இருக்க வேண்டும். மீறுகிறவர் யார் என்று குறித்துக்கொள்ள நடுவருக்குக் கிடைப்பது முதுகுப்பக்கம்தான். ஓட்டத்தில் எல்லாரும் எதிரே நிற்கிறார்கள்: சுற்று எண்ணுகிறவர், தண்ணீர் கொடுக்கிறவர், படம் எடுக்கிறவர், கடைசியில் மைக்கில் பெயர் சொல்கிறவர்.

எல்லாப் பந்தயத்திலும் இதே விதி என்று நினைக்க வேண்டாம். சீட் தண்டிலும் ஹெல்மெட்டிலும் நம்பர் ஸ்டிக்கர் ஒட்டுவதால், சைக்கிளில் பெல்ட் தேவையில்லை, ஓட்டத்துக்கு மட்டும் கட்டினால் போதும் என்று சொல்லும் பந்தயங்களும் இருக்கின்றன. கையேட்டின் மூன்றாம் பக்கத்தைப் படியுங்கள், வேறென்ன சொல்ல.

நான் முதலில் பெல்ட்டை விலைக்கு வாங்கவில்லை. கடையில் பார்த்ததும் ‘இந்த அரை மீட்டர் எலாஸ்டிக்குக்கா இவ்வளவு?’ என்று தோன்றிவிட்டது. பாரிமுனைப் பக்கம் தையல் சாமான் கடையில் ஒரு அங்குல அகல எலாஸ்டிக் மீட்டர் கணக்கில் கிடைக்கும். பக்கிளை மகனின் பழைய பையிலிருந்து அறுத்தேன். மழைக்கோட்டின் தொப்பிக் கயிற்றை இறுக்க ஒரு பிளாஸ்டிக் குமிழ் இருக்குமே, நம்பர் கோக்க அதில் இரண்டு. அம்மா தையல் மிஷினில் உட்கார்ந்து தைத்துக் கொடுத்தாள். கொடுக்கும்போது, “ஏண்டி, நாப்பத்திமூணு வயசுல ஒட்டியாணமா?” என்று ஒரு கேள்வி.

பெல்ட் நன்றாகத்தான் இருந்தது. அளவுதான் தப்பு. வீட்டில் சுடிதாருக்கு மேலே கட்டிப் பார்த்து இறுக்கம் சரி என்று முடிவு செய்தேன். ட்ரைசூட் வழுவழுப்பு, நனைந்தால் இன்னும் வழுக்கும். முதல் நாள் ஈசிஆர் என்ற கிழக்குக் கடற்கரைச் சாலையில் கட்டிக்கொண்டு சைக்கிள் மிதித்தபோது முட்டுக்காடு தாண்டுவதற்குள் அது தொடைக்கு இறங்கிவிட்டது. அப்போது கற்றுக்கொண்டது: அளவு பார்ப்பதென்றால் பந்தயத்தில் போடும் அதே உடுப்பைப் போட்டு, ஒரு வாளித் தண்ணீரை மேலே ஊற்றிக்கொண்டுதான் பார்க்க வேண்டும். குனிந்தும் பார்க்க வேண்டும், நிமிர்ந்தும் பார்க்க வேண்டும். இரண்டு விரல் நுழைகிற இறுக்கம் எனக்குச் சரியாக வந்தது. இடம், வயிறு இல்லை. இடுப்பெலும்பின் மேல், அரைஞாண் கயிறு நிற்கிற இடத்தில். வயிற்றைச் சுற்றிக் கட்டினால், தண்ணீரும், தெம்புக்காகப் பாக்கெட்டிலிருந்து உறிஞ்சும் ஜெல்லும் உள்ளே போகப் போக அது பிடிக்க ஆரம்பிக்கும். இறுக்கிய பிறகு மிஞ்சித் தொங்கும் வாலை வெட்டிவிட்டு முனையைத் தீக்குச்சியில் லேசாகக் காட்டுங்கள், பிரியாது. நான் வெட்டாமல் விட்டிருந்த வால் காற்றில் பறந்து பறந்து, யாரோ பின்னாலிருந்து தட்டிக் கூப்பிடுகிற மாதிரியே இருந்தது. இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன்.

மாட்டிக்கொள்வதற்கும் மூன்று வழி முயன்று பார்த்திருக்கிறேன். பக்கிளைப் போட்டே வைத்துப் பாவாடை மாதிரி காலை நுழைத்து ஏற்றுவது ஒன்று. ஈரக் காலோடு ஒற்றைக் காலில் நின்று தடுமாறி, பக்கத்துச் சைக்கிளோடு சேர்ந்து விழப் பார்த்தேன். தலை வழியாக இறக்குவது இன்னொன்று. அது தோளில் சிக்கும், ஹெல்மெட் போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். அப்புறம்தான் புத்தி வந்தது. பக்கிளை முன்னால் வைத்துப் போட்டால் நம்பர் தானாகவே முதுகுப் பக்கம் போய் நிற்கிறது. சைக்கிளுக்கு வேண்டியது அதுதானே! டி2-இல், அதாவது சைக்கிளிலிருந்து ஓட்டத்துக்கு மாறும்போது, பெல்ட்டை அரை வட்டம் திருப்பினால் நம்பர் முன்னால், பக்கிள் பின்னால். கழற்றி மாட்டுவதே கிடையாது.

திருப்ப மறந்து போவது தனிக் கதை. ஒரு பந்தயத்தில் ரெண்டு கிலோமீட்டர் வரை ஓடிவிட்டேன். வழியில் நின்றவர்களெல்லாம் “நம்பர், நம்பர்!” என்று கத்த, உற்சாகப்படுத்துகிறார்கள் என்று நினைத்துக் கையாட்டிக்கொண்டே போனேன். இப்போது மூன்று செயலை ஒரே மூச்சில் சொல்லிப் பழகியிருக்கிறேன்: சைக்கிளைக் கம்பியில் மாட்டு, ஹெல்மெட்டைக் கழற்று, பெல்ட்டைத் திருப்பு. இதில் முதல் இரண்டின் வரிசை மாறக்கூடாது. சைக்கிளைத் தொடுவதற்கு முன் ஹெல்மெட் வார் பூட்டியிருக்க வேண்டும், சைக்கிளைத் திரும்ப மாட்டிய பிறகே அதை அவிழ்க்க வேண்டும். அது பாதுகாப்பு விதி, தண்டனை உண்டு. திருப்புவதை மட்டும் ஓடிக்கொண்டே செய்யலாம்.

பெல்ட்டை எடுக்கவே மறந்து சைக்கிளில் ஏறிப் போனவர்களும் உண்டு. அதற்கு என் வைத்தியம், ஹெல்மெட்டை மல்லாக்க வைத்து அதற்குள்ளே பெல்ட்டை வைப்பது. பெல்ட்டை எடுக்காமல் ஹெல்மெட் தலைக்கு ஏறாது. ஓட்டத்துக்கு மட்டும்தான் பெல்ட் என்றால் ஷூவுக்குள் தொப்பி, தொப்பிக்குள் பெல்ட்.

சைக்கிளில் நம்பர் படபடப்பது இன்னொரு தொல்லை. ஈசிஆரில் எதிர்க்காற்று அடிக்கும் நாளில் அது முதுகுக்குப் பின்னால் தகரக் கொட்டகை மாதிரி சத்தம் போடும். நம்பரை மடிக்கவோ வெட்டவோ கூடாது; விளம்பரதாரர் பெயர் இருக்கும் கீழ்ப்பட்டையைக் கத்தரித்துச் சின்னதாக்கலாம் என்று தோன்றும், செய்துவிடாதீர்கள். நான் செய்வது, முந்தின நாள் நம்பரை நன்றாகக் கசக்கி உருண்டையாக்கி, பிறகு விரித்துத் தடவி விடுவது. புது வேட்டியின் கஞ்சி போனது போல மொடமொடப்பு அடங்கி உடம்போடு படிந்துவிடும். டைவெக் என்ற கிழியாத பொருளில் செய்த நம்பர் என்றால் தைரியமாகக் கசக்கலாம். வெறும் காகிதம் என்றால் கை வைக்காதீர்கள். மாறாக, ஓட்டையைச் சுற்றி முன்னும் பின்னும் செலோடேப் ஒட்டுங்கள். வியர்வையும் தலையில் ஊற்றிக்கொள்ளும் தண்ணீரும் சேர்ந்தால் காகித நம்பர் முதலில் விட்டுப்போவது அந்த ஓட்டையில்தான்.

இவ்வளவும் கற்றுக்கொண்ட தெம்பில் 2023 அக்டோபரில் கோவாவின் அயர்ன்மேன் 70.3-க்குப் போனோம், நானும் வீட்டுக்காரரும். 2019-இல் பனாஜியில் தொடங்கிய பந்தயம். 70.3 என்பது மூன்று தூரத்தையும் கூட்டிய மைல் கணக்கு: மிராமர் கடற்கரையில் 1.9 கிலோமீட்டர் கடல் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம். இதற்கென்று கடை பெல்ட் ஒன்று வாங்கியிருந்தேன். ஜெல் பாக்கெட்டைச் சொருகிக்கொள்ள அதில் ஆறு வளையம். ஆறிலும் ஆறு ஜெல். தோட்டாப் பட்டை கட்டிய கொள்ளைக்காரி மாதிரி இருந்தேன் என்பது வீட்டுக்காரரின் கருத்து.

அவரும் ஒன்றும் குறைந்தவரில்லை. நேரம் பதியும் சிப்பை வலது கணுக்காலில் கட்டிக்கொண்டு கிளம்பினார். அது இடது காலுக்கு உரியது; வலது பக்கம்தான் சங்கிலியும் பல்சக்கரமும் இருக்கின்றன. நல்லவேளை, நீச்சலுக்கு வரிசையில் நிற்கும்போதே யாரோ பார்த்துச் சொல்லிவிட்டார்கள்.

ஓட்டத்தில் மூன்றாவது கிலோமீட்டரிலேயே என் பெல்ட் பிரச்சினை செய்தது. ஆறு ஜெல்லின் கனம் ஒவ்வொரு அடிக்கும் குதித்தது. குதிக்கக் குதிக்கப் பெல்ட் மேலேறி விலா எலும்புக்குக் கீழே போய் நின்றது, நம்பர் பக்கவாட்டில் திரும்பிக்கொண்டது. இறக்கினேன், ஏறியது. இறக்கினேன், ஏறியது. டோனா பவுலா ஏற்றத்தில் வெயில் உச்சந்தலையில் இறங்க, நாலு ஜெல்லைப் பிடுங்கி ட்ரைசூட்டின் முதுகுப் பையில் திணித்த பிறகுதான் நிம்மதி. அந்த ஆறில் நான் சாப்பிட்டது மூன்று. வழியெல்லாம் உணவு நிலையங்கள் இருக்கும்போது இவ்வளவு சுமந்திருக்கவே வேண்டாம். நம்பர் பெல்ட் நம்பருக்கு மட்டும் என்பது என் கட்சி. ரெண்டு ஜெல் வரைக்கும் மன்னிக்கலாம்.

நம்பர் பக்கவாட்டில் திரும்பியதன் பலன் பிறகு தெரிந்தது. பந்தயப் படங்களை நம்பரை வைத்துத்தான் பிரிப்பார்கள். என் நம்பரைப் போட்டுத் தேடினால் மூன்றே மூன்று படம், அதில் ஒன்று வேறு யாரோ. மற்றதெல்லாம் நம்பர் தெரியாத படக் குவியலில் கிடந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து தேடி எடுத்தேன்.

ஆனால் கோவாவில் நான் மறக்காதது இது எதுவும் இல்லை. கடைசிச் சுற்றில் எனக்கு முன்னால் முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் கோணலாக ஓடிக்கொண்டிருந்தார், குடித்தவர் போல. ஒரு நிழலருகே போய் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். நான் கையைத் தூக்கிக் கத்தினேன். பச்சைப் பனியன் போட்ட இரண்டு தன்னார்வலர்கள் ஓடிவந்து தண்ணீர் தெளித்தார்கள். பெயர் கேட்டார்கள், வாய் குழறியது, பதில் வரவில்லை. ஒருவர் சட்டென்று குனிந்து அவருடைய நம்பரைப் புரட்டிப் பின்பக்கம் பார்த்தார். பெயர், ரத்தப் பிரிவு, மருந்து ஒவ்வாமை, அவசரத் தொலைபேசி என்று அங்கே கோடு போட்டு இடம் விட்டிருப்பார்கள். அவருடையதில் எல்லாம் காலி. பிறகு நம்பரையே வாக்கி டாக்கியில் சொல்லி விவரம் கேட்டார்கள். ஆம்புலன்ஸ் வந்ததும் என்னைப் போகச் சொன்னார்கள். முடிவுக்கோட்டுக்குப் பக்கத்தில் பின்னர் அவரைப் பார்த்தேன், கையில் டிரிப்ஸோடு, யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டு.

அவரை விட்டுவிட்டு ஓட ஆரம்பித்தபோது என் நம்பரை நானே புரட்டிப் பார்த்தேன். நான் ஒழுங்காக எழுதியிருந்தேன். அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்: என் கணவர். அவர் எங்கே? எனக்கு முன்னால் எங்கேயோ நாக்குத் தள்ளிக்கொண்டு ஓடிக்கொண்டிருக்கிறார். அவருடைய போன்? ஹோட்டல் அறையில், அணைத்து வைத்து. அவருடைய நம்பரின் பின்னால் யார் எண்? என்னுடையது. அதே அறையில், அதே மேசைமேல்.

இப்போது தம்பியின் எண்ணை எழுதுகிறேன். அம்மாவின் எண் உதவாது; புது எண்ணிலிருந்து வரும் அழைப்பை எடுக்கவே மாட்டாள், ‘லோன் வேணுமான்னு கேப்பான்’ என்பாள். தம்பியின் எண்ணை எழுதுவது மட்டும் போதாது. பந்தயத்துக்கு முந்தின நாள் அவனைக் கூப்பிட்டு, “நாளைக்கு எந்த நம்பர்ல இருந்து கால் வந்தாலும் எடுடா” என்று சொல்லியும் விடுகிறேன். எழுதும்போது பால்பாயின்ட் பேனா வேண்டாம். அழியாத மார்க்கர். நீரிழிவு, ஆஸ்துமா, ரத்த அழுத்த மாத்திரை என்று இருப்பதைக் கூச்சப்படாமல் எழுத வேண்டும்.

கடை பெல்ட்டைக் கோவாவோடு நிறுத்திவிட்டேன். அம்மா தைத்ததுதான் இன்றைக்கும். பந்தயம் முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் போடுகிறேன். உப்பும் குளத்துக் குளோரினும் தின்றால் எலாஸ்டிக் சீக்கிரம் தொய்ந்துவிடும். போன வருடம் அது தொய்ந்தபோது அம்மாதான் புது எலாஸ்டிக் மாற்றித் தந்தாள். தந்தவள் கூடவே உள்பக்கம் ஒரு ஊக்கையும் குத்தி வைத்திருந்தாள். “பெல்ட்டே ஊக்குக்குப் பதிலாத்தாம்மா” என்றேன். “இருக்கட்டும்டி, சோறா கேக்குது” என்றாள்.

அடுத்த பந்தயத்தில், ஓட்டத்தின் பாதியில், ஒரு பெண் நம்பரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். காகித நம்பர், ஒரு ஓட்டை கிழிந்துவிட்டது. வெளியாட்கள் யாரும் நமக்கு எதுவும் கொடுக்கக் கூடாது, ஆனால் சக போட்டியாளர்கள் இந்த மாதிரிச் சின்னச் சாமான்களில் உதவிக்கொள்ளலாம். பெல்ட்டைப் புரட்டி ஊக்கைக் கழற்றிக் கொடுத்தேன். ஓடிக்கொண்டே அவளால் குத்த முடியவில்லை, இருவரும் ஒரு நிமிடம் நின்றோம். “அசையாதீங்க, குத்திடும்” என்று நான்தான் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னதும், அவள் ஒன்றும் பேசாமல் வளையலிலிருந்து இன்னொன்றைக் கழற்றினாள்.